சாமான் அறையில் விருந்தாளி

வெனிஸ் நகரத்துப் பெருங்கால்வாயின் கரையில் 16ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று நிற்கிறது, பெயர் பலாட்ஸோ பாப்படோபோலி. 2013இல் அது 24 அறைகள் கொண்ட அமான் ஹோட்டலானது. வீட்டுக்காரக் குடும்பம் மேல்மாடியில் குடியிருந்துகொண்டே கீழே விருந்தாளிகளுக்கு இடம் விட்டது.

மாளிகையில் தங்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். காலையில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடி மீன் மார்க்கெட்டைப் பார்த்துவிட்டு அறந்தாங்கி வழியாகப் புறப்பட்டால், மதியத்துக்குள் திருமயம். ராமநாதபுரத்துச் சேதுபதி 1687இல் எழுப்பிய கோட்டைக்குச் சற்றுத் தள்ளி கடியாபட்டி. அங்குள்ள சிதம்பர விலாஸ், நீச்சல்குளம் வெட்டி ஹோட்டலாகிவிட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு. காரைக்குடிப் பக்கம் போனால் கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீரமைத்த சாரதா விலாஸ். இத்தாலியும் இங்கே கொஞ்சம் உண்டு: செட்டிநாட்டு வீடுகள் பலவற்றின் தரையில் பதித்த பளிங்கு அங்கிருந்து கப்பலில் வந்தது. தேக்கு பர்மாவிலிருந்து. சுவருக்குப் பூசிய சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்தார்கள். கோடையில் கை வைத்தால் இன்றும் சில்லென்று இருக்கும்.

ஆனால் இவை தங்குவதற்கென்று அறை வைத்துக் கட்டிய வீடுகளே அல்ல. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிற்றறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாகக் கொடுத்தவை. சீர்ச் சாமான்களையும் பாத்திரங்களையும் பூட்டி வைப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. ஆண்கள் முகப்பிலும் பட்டாலைக் கூடத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். குளியலறையோடு கூடிய அறை என்ற நினைப்பே அப்போது இல்லை. ஹோட்டலாக்குகிறவர்களுக்குத் தலைவலி தருவது தூண்களும் பளிங்கும் அல்ல. குழாயும் கழிவுநீர் வழியும்தான். தடித்த பழஞ்சுவரை எங்கே உடைப்பது?

1930களின் பொருளாதார மந்தத்திலும், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததிலும், அங்கே நகரத்தார் நடத்திவந்த வட்டித்தொழில் நொறுங்கியது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். எல்லாரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கூரை ஓடு மாற்ற முடியும். அது நடக்காத வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்கு வந்தன. ஹோட்டல் வாடகை பணக்காரர்களுக்கானது என்ற குறை நியாயமானதே. இருந்தாலும், தூண் தெருவுக்கு வருவதைவிட வீடு ஹோட்டலாவது எவ்வளவோ மேல்.

2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பிடித்தன. அதற்கு முன்பே, 1999இல், மீனாட்சி மெய்யப்பன் காரைக்குடியில் 'பங்களா' என்ற ஹோட்டலைத் திறந்திருந்தார். ஒரு காலத்தில் செட்டியார்கள் கூடும் கிளப்பாக இருந்த கட்டடம் அது. தங்கக் கட்டுப்படியாகாதவர்கள் அங்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால், வாழை இலையில் மதியச் சாப்பாடு கிடைக்கும்.