சிவப்புக்கு மேல் நிறமில்லை

2024 அக்டோபர் நடுவில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. வெள்ளத்துக்குப் பயந்து மக்கள் முன்கூட்டியே நிறுத்திவைத்த கார்கள். 16-ம் தேதிக்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்திருந்தது. ஆனால், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நகரத்துக்கு வடக்கே கரையைக் கடந்தது. அஞ்சிய பெருமழை கொட்டவில்லை. "வானிலை மையம் சொன்னால் மழை வராது" என்ற பழைய கேலி மறுபடி கிளம்பியது.

அந்தக் கேலி நியாயமற்றது. எச்சரிக்கை எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

மீனம்பாக்கத்தில் நாளுக்கு இருமுறை கருவி கட்டிய பலூன் மேலேறி, உயரே உள்ள வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றின் அளவுகளை அனுப்புகிறது. துறைமுகப் பகுதியில் உள்ள டாப்ளர் ரேடார் மழை மேகங்களைத் துழாவுகிறது. செயற்கைக்கோள் படங்களும் கணினி மாதிரிகளின் கணிப்புகளும் வந்து சேர்கின்றன. சிக்கலே அங்கேதான். ஒரு மாதிரி புயலை நாகைக்கு அனுப்பும், இன்னொன்று நெல்லூருக்கு அனுப்பும். எதை எவ்வளவு நம்புவது என்பதை நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தில் பணியில் இருப்பவர்கள் எடைபோட வேண்டும், அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. மாவட்ட நிர்வாகமும் துறைமுகங்களும் மீனவர்களும் அவர்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள்.

புயல் என்றால் எச்சரிக்கைக்குப் படிநிலைகள் உண்டு: 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் முதல் எச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் தீவிர எச்சரிக்கை. நாள்கணக்கில் கடலில் வளரும் புயலைத் தொடர நேரம் கிடைக்கிறது. மேகம் சில மணி நேரத்தில் திரண்டு ஓரிடத்திலேயே கொட்டினால் அந்த நேரமும் கிடையாது. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையை முடக்கிய மழை அப்படிப்பட்டது. மாதிரிகள் அதைக் காட்டவில்லை. மண்டல மையத்தின் கணிப்புத் திறனை வலுப்படுத்தக் கோரி முதலமைச்சர் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நியாயமான கோரிக்கை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று அளவுகோலிலேயே இருக்கிறது. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தாண்டினால் கனமழை, 11.56 செ.மீ. முதல் மிக கனமழை, 20.45 செ.மீ. முதல் அதி கனமழை. அதி கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை; அதற்கு மேல் படி கிடையாது. 21 செ.மீ. மழைக்கும் சிவப்புதான், 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ. மழைக்கும் சிவப்புதான். அன்று தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு சிக்கியது. எச்சரிக்கை போதுமானதா என்று மத்திய, மாநில அரசுகள் பிறகு வாதிட்டன. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு அந்த வாதத்தால் என்ன பயன்? எந்த ஊர் மூழ்கும், எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும் என்று மழைக் கணிப்போடு சேர்த்துச் சொல்ல, வானிலை மையமும் நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் ஒன்றாக உட்கார வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்து, நீங்கள் இருப்பது ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ என்றால், மழை தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்.