ஆபரேஷன் தியேட்டருக்குள் எட்டிப் பார்க்கலாம் வாங்க!

முகக்கவசம் மாட்டியாச்சா? அப்படியே சுவரோரமாக நில்லுங்கள், எதையும் தொடக் கூடாது! மேசையில் குப்புறப் படுத்திருப்பவருக்கு லம்பார் ஸ்டெனோசிஸ். இடுப்புப் பகுதியில் நரம்புகள் இறங்கும் கால்வாய் சுருங்கிவிட்டது. தெருமுனை வரை நடப்பதற்குள் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி மேல் சாய்ந்துகொண்டால் மட்டும் ஜோராக நடப்பார்! குனியும்போது கால்வாய் சற்று விரிகிறதே, அதுதான் ரகசியம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஹென்க் வெர்பீஸ்ட் என்ற அறுவை மருத்துவர் 1954இல் இந்த நோயை விரிவாக எழுதினார்.

வழக்கமான முறை லேமினெக்டமி. முதுகின் நடுவே நேராகக் கீறி, இருபுறத் தசையையும் எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்குவார்கள். முதுகெலும்பின் பின்னால் துருத்தும் நடுமுள்ளும் கால்வாயின் கூரையான லேமினாவும் போய்விடும். உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் முதுகைத் தாங்கும் தசை அடிவாங்குகிறது.

இன்று நாம் பார்க்கப்போவது குழாய் வித்தை! எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஒரு மெல்லிய குழாயை இறக்குகிறார்கள். அதன்மேல் சற்றுப் பெரியது, அதன்மேல் இன்னும் பெரியது. தசை வெட்டுப்படாமல் நார்நாராக விலகி வழிவிடுகிறது! கடைசிக் குழாயின் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர்தான். 1997இல் ஃபோலியும் ஸ்மித்தும் டிஸ்க் அறுவைக்காக வெளியிட்ட குழாய் உத்தியின் வாரிசு இது.

மைக்ரோஸ்கோப் வந்தாயிற்று. டிரில் சுழல்கிறது. கீழே மஞ்சளாக ஒன்று தெரிகிறதா? எலாஸ்டின் என்ற மீள்புரதம் நிறைந்த லிகமென்டம் ஃபிளேவம் என்ற இணைப்புநார். வயதாக ஆகத் தடித்து நரம்பை நெருக்கும் ஆசாமிகளில் முக்கியமானவர் இவர்தான்! கெரிசன் பஞ்ச் என்ற கருவி அதைத் துணுக்குத் துணுக்காகக் கடித்தெடுக்கிறது. இப்போது மேசையைச் சாய்க்கிறார்கள், குழாயும் சாய்கிறது. இடது பக்கம் நுழைந்த மருத்துவர் நடுமுள்ளுக்கு அடியில் புகுந்து வலது பக்கத்தையும் சுத்தம் செய்கிறார். ஒரே துளை, இரண்டு பக்கமும்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

அதோ, நசுங்கிக் கிடந்த நரம்புப் பை உப்பி மேலே வருகிறது, துடிக்கவும் தொடங்கிவிட்டது!

இந்தக் காட்சி லேமினெக்டமியிலும் உண்டு. நரம்புக்கு இடம் கிடைத்தால் போதும், கால் வலி குறைகிறது. 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், கால் வலியிலும் நடமாட்டத்திலும் லேமினெக்டமியை, குழாய் வித்தை போல எலும்பு காக்கும் முறைகள் தெளிவாக வென்றுவிடவில்லை. அறுவைக்குப் பிந்தைய முதுகுவலியும் எலும்பின் தள்ளாட்டமும் இவற்றில் குறைவு என்று தெரிந்தாலும் ஆதாரம் வலுவாக இல்லை. நார்வேயில் 437 பேரிடம் நடுமுள்ளைப் பெரும்பாலும் காக்கும் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் மூன்றும் சமம்!

குழாயிலும் சங்கடம் உண்டு. நரம்புப் பையின் உறை கிழிந்துவிட்டால் அந்தச் சின்னத் துளைக்குள் தையல் போடுவது பெரும்பாடு. அதனால், தழும்பு எவ்வளவு நீளம் என்று கேட்பதைவிட, "டாக்டர், இரண்டில் உங்கள் கைக்கு நன்றாகப் பழகியது எது?" என்று கேளுங்கள்.