இமோமோச்சி: கிழங்குதானே என்று...

போன சனிக்கிழமை மாலை, காணொளி பார்த்து அக்கா மகன் இமோமோச்சி செய்தான். வீடே வெண்ணெய் வாசம். பத்து ஆண்டுகளாக இனிப்புநீரோடு வாழும் என் அம்மா இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "கிழங்குதானேடா, இன்னொன்னு வை" என்று தட்டை நீட்டினார். இரவுச் சோற்றையும் விடவில்லை. படுக்கும் முன் விரலில் குத்திப் பார்த்தால் 14.2!

இமோ என்றால் கிழங்கு. மோச்சி, பசையரிசியை இடித்துச் செய்வது. ஜப்பானின் வட கோடியில் உள்ள ஹொக்கைடோவுக்குக் குடியேறியவர்களுக்குக் குளிரில் நெல் எளிதில் விளையவில்லை. அதனால் உருளைக்கிழங்கில் மோச்சி பிடித்தார்கள். இன்றும் ஜப்பானின் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 விழுக்காடு அங்கேதான் விளைகிறது.

வெறும் கிழங்கை மசித்துச் சுட்டால் அந்த 'சவக் சவக்' வராது. உருளைக்கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த மாவைச் சேர்க்க வேண்டும். சூட்டில் அது தண்ணீரை உறிஞ்சி, உப்பி, இழுவையாகிறது. சிக்கலும் அதே மாவில்தான். கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். வைட்டமின் சி, பொட்டாசியம், கொஞ்சம் நார்ச்சத்து உண்டு. மாவில் இவை பெயருக்குத்தான். ஆனால் எடைக்கு எடை கிழங்கைப்போல் நான்கு மடங்கு கலோரி.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். (வானொலிக்காரியின் கணக்கு என்று சிரிக்க வேண்டாம், இருமுறை சரிபார்த்தேன்.) அரை கிலோ கிழங்கு, 60 கிராம் மாவு, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், மேலே பூச சோயா சாஸும் சீனியும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி. எட்டு வட்டங்கள் வரும். ஒன்றில் சுமார் 100 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து. புரதம் இரண்டு கிராமைக்கூடத் தொடாது. மூன்று சாப்பிட்டால் ஏறத்தாழ 200 கிராம் சோறு சாப்பிட்டதற்குச் சமம். அம்மா அன்று சாப்பிட்டது இரண்டு தட்டுச் சோறு!

உப்பையும் மறக்கக்கூடாது. அந்த மூன்றில் சுமார் 2 கிராம் உப்பு போய்விடும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் முழுமைக்கும் சொல்வதே 5 கிராமுக்குள்தான்.

அதற்காகச் சட்டியைக் கவிழ்க்க வேண்டாம். சோயா சாஸை ஊற்றாமல் தூரிகையால் தொட்டுப் பூசுங்கள்; சீனியைப் பாதியாக்குங்கள். தின்பண்டமாக இல்லாமல் சோற்றுக்குப் பதிலாக வையுங்கள், பக்கத்தில் முட்டையோ தவுவோ கீரையோ இருக்கட்டும். பல்செட் போட்டவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். இழுவை தொண்டையில் சிக்கும்.

இந்த வாரம் அம்மாவுக்கு இரண்டு வட்டம், ஒரு அவித்த முட்டை, கீரைப் பொரியல். சோறு இல்லை. இரவு எண் 8.9. மீதியை உறைபெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.