உங்களுக்குத் தெரியுமா? துப்பறியும் சங்கர்லாலைப் படைத்தவருக்குப் பெயர் வைத்தவர் மில் தொழிலாளர் தலைவர்!

பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துத் துப்பறியும் கதை படிக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறை மாணவர்களுக்கு ஏற்படுத்திய தமிழ்வாணனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் திரு.வி.க.! பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான அதே திரு.வி.க.தான்.

• தமிழ்வாணனின் இயற்பெயர் இராமநாதன். சொந்த ஊர் தேவகோட்டை. 'அணில்' என்ற சிறுவர் இதழில் பழகிய கை, பிறகு 'கல்கண்டு' இதழின் ஆசிரியர்.

• சங்கர்லாலுக்கு மூளை வேலை செய்யத் தேநீர் வேண்டும். கால்களைத் தூக்கி மேசைமேல் போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் பருகுவார், முடிச்சு அவிழும். காப்பிக்குப் பேர்போன நாட்டில் இப்படி ஒரு துப்பறிவாளர்! துப்பாக்கியைவிடக் கோப்பைக்குத்தான் வேலை அதிகம். வீட்டில் மனைவி இந்திரா, கூடமாட உதவ மாது, கத்தரி என்ற இருவர்.

• கொலை உண்டு, கடத்தல் உண்டு, ஆபாசம் கிடையாது. ஆங்கிலம் கலக்காத தமிழ். பிள்ளை கையில் பார்த்தாலும் பெற்றோர் பிடுங்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

• பிற்காலக் கதைகளில் துப்பறிந்தவர் தமிழ்வாணனேதான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவரது அடையாளம். உறைமேல் அந்த இரண்டையும் படமாக வரைந்து 'சென்னை' என்று எழுதினாலே கடிதம் போய்ச் சேரும் என்பார்கள்.

• 1977-இல் மறைந்தார். 'கல்கண்டு' பொறுப்பை ஏற்றவர் மகன் லேனா தமிழ்வாணன்.