ஓப்பன் (கட்டளை)

ஓப்பன் என்பது மாக்ஓஎஸ் இயங்குதளத்தின் கட்டளை வரியிலிருந்து கோப்புகளையும் அடைவுகளையும் வரைகலை இடைமுகத்தில் திறக்க உதவும் ஒரு கட்டளை ஆகும். ‘திற’ எனப் பொருள்படும் நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லே இதன் பெயர். இக்கட்டளை முதலில் நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தில் இடம்பெற்றது. ஆப்பிள் நிறுவனம் 1997 இல் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கிய பின்னர், 2001 இல் வெளியான மாக் ஓஎஸ் எக்சுக்கு வந்து சேர்ந்தது.

பயன்பாடு

முனையத்தில் பல அடைவுகளுக்குள் இறங்கிச் சென்ற ஒருவர், அதே இடத்தைக் கோப்பு மேலாளரான ஃபைண்டரில் காண விரும்பலாம். அதற்கு ஓப்பன் என எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு புள்ளி இட வேண்டும். யுனிக்சு வகை முறைமைகளில் ஒற்றைப் புள்ளி தற்போதைய அடைவைக் குறிக்கும். ஷெல் தான் நிற்கும் அடைவையே தான் தொடங்கும் நிரலுக்கும் வழங்குவதால், அப்புள்ளி எந்த இடத்தைச் சுட்டுகின்றது என்பதை ஓப்பன் அறிந்துகொள்கின்றது. புதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை மறந்துவிடுவர். அப்போது பயன்பாட்டுக் குறிப்பு மட்டுமே திரையில் தோன்றும்.

ஃபைண்டர் மறைத்து வைக்கும் இடங்களுக்குச் செல்லவும் இது உதவுகின்றது. எடுத்துக்காட்டாக, 2011 இல் வெளியான லயன் பதிப்பிலிருந்து பயனரின் இல்ல அடைவிலுள்ள லைப்ரரி அடைவு ஃபைண்டரில் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. அதன் பாதையை ஓப்பன் கட்டளைக்குக் கொடுத்தால் அது உடனே திறக்கும்.

செயற்படும் முறை

ஓப்பன் தானாக எதையும் காட்டுவதில்லை. எந்தக் கோப்பு வகைக்கு எந்தச் செயலி உரியது என்பதை அறிந்த லாஞ்ச் சர்வீசஸ் என்னும் சேவையிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு முடிந்துவிடுகின்றது. இரட்டைச் சொடுக்கின் விளைவும் இதன் விளைவும் ஒன்றே.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. மாக் செயலி ஒவ்வொன்றும் உண்மையில் ஓர் அடைவு. உள்ளே என்ன இருக்கின்றது எனப் பார்க்கும் எண்ணத்துடன் அதை ஓப்பன் கட்டளைக்குக் கொடுத்தால், செயலி இயங்கத் தொடங்கிவிடும். நம்பகமற்ற இடத்திலிருந்து பதிவிறக்கியதாயின் இது ஆபத்தானது. கழித்தல் குறியுடன் பெரிய ‘ஆர்’ எழுத்தைச் சேர்த்தால், செயலி இயங்காமல் அது இருக்கும் இடம் மட்டும் ஃபைண்டரில் காட்டப்படும்.

பிற முறைமைகள்

விண்டோசில் ஸ்டார்ட் கட்டளை இதே பணியைச் செய்கின்றது. லினக்சில் 2006 முதல் எக்ஸ்டிஜி-ஓப்பன் உள்ளது. ஆனால் டெபியன் போன்ற வழங்கல்களில் ஓப்பன் என்ற பெயர் நெடுங்காலம் ஓப்பன்விடி கட்டளையின் மறுபெயராக இருந்தது. அது ஒரு நிரலைப் புதிய மெய்நிகர் முனையத்தில் இயக்குவது. கோப்பு மேலாளருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாக் பழக்கத்தில் அங்கே ஓப்பன் என எழுதியோருக்குப் பிழைச்செய்தியே கிடைத்தது.