சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவருக்கு வைரஸ் தொற்று

வைரஸ் தொற்றிய செல்களை அழிப்பவை 'டி' செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள். தானமாகப் பெற்ற சிறுநீரகத்தையும் அவை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும். அதைத் தடுக்கவே டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளைத் தருகிறார்கள்.

டி செல்கள் அடங்கியிருக்கும்போது, உடலில் உறங்கிக் கிடந்த சைட்டோமெகலோ வைரஸ், பி.கே. வைரஸ் போன்றவை தலைதூக்கும். பி.கே. வைரஸ் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே புதிய சிறுநீரகத்தைக் கெடுக்கும், பரிசோதனையில்தான் தெரியவரும். அப்போது மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பார். டி செல்கள் பெருகி வைரஸை அடக்கும். நாமாகக் குறைத்தாலோ சிறுநீரகமே பறிபோகலாம்.

எனவே பரிசோதனைகளைத் தவறவிட வேண்டாம். லேசான காய்ச்சல் என்றாலும் உடனே மருத்துவரிடம் காட்டுவோம். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். நமக்குச் சளி, இருமல் இருந்தால் போனில் விசாரித்து, அவருக்காக துஆச் செய்வோம்.