தராசு யார் கையில்?

நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரித்த பின்னரே மடியை அவிழ்ப்பது நம்மவரின் பழைய வழக்கம். இன்று கைப்பேசி அந்த நாலு கடையை நானூறு கடையாக்கி, உட்கார்ந்த இடத்திலேயே விலைகளை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இந்தச் சௌகரியத்தைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. இதனால் ஏழை எளியவர்க்கு விளையக்கூடிய நன்மையை ஒப்புக்கொண்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

விலை தெரிவதே ஒரு பெரும் பலம் என்பதற்கு மலையாளக் கரையின் அனுபவம் சான்று பகரும். 1997 ஜனவரி 14 அன்று வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் வாங்குவாரின்றித் தாங்கள் பிடித்த மீனை வீணே கொட்ட நேர்ந்தது. அதே நாளில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளிருந்த சந்தைகளில் மீன் வாங்கச் சித்தமாயிருந்தவர்கள் 27 பேர். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவில்லை. அவ்வாண்டு முதல் அக்கரையில் கைப்பேசி பரவலாயிற்று. மீனவர்கள் கடலிலிருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று விசாரித்துப் படகைத் திருப்பினார்கள். இதை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் 2007-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மீனவரின் லாபம் சராசரி 8 சதவிகிதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையோ 4 சதவிகிதம் தாழ்ந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மீனவர் தாமே கேட்டார். கரையிலிருந்த வியாபாரி நேரே விலை சொன்னார். இன்று நம் கைப்பேசியில் தோன்றுவது அத்தகைய விலை அன்று. எந்தச் சரக்கு முன்னே நிற்க வேண்டும், எது பின்னே பதுங்க வேண்டும் என்பதை இடையிலுள்ள கம்பெனியே தீர்மானிக்கிறது. பணம் கொடுத்து முன்வரிசையில் இடம் பிடிக்கும் விற்பனையாளரும் உண்டு. "இன்னும் இரண்டே பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேளாத சாமானைக் கூடையில் நுழைப்பது, முதலில் ஒரு விலை காட்டிப் பணம் செலுத்தும் கட்டத்தில் கட்டணத்தின் மேல் கட்டணம் ஏற்றுவது ஆகியவற்றை உள்ளிட்ட 13 உத்திகளைச் சர்க்காரே 2023 நவம்பர் 30 அன்று பட்டியலிட்டுத் தடை செய்தார்கள்.

கைப்பேசியின் வகையைப் பார்த்து ஒரே பிரயாணத்துக்கு வெவ்வேறு கட்டணம் காட்டப்படுவதாகப் புகார் எழுந்ததன் பேரில், 2025 ஜனவரியில் இரு வாடகை வண்டிக் கம்பெனிகளிடம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. கம்பெனிகள் அதை மறுத்தன. உண்மை எதுவாயினும், ஆளுக்கொரு விலை காட்டக்கூடிய கருவி நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. பழைய கடைத்தெருவில் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொன்ன விலை நம் காதிலும் விழும். இங்கே அதற்கு வழியில்லை.

மலிவைக் குறித்தும் ஒரு வார்த்தை. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, அந்நியக் கம்பெனியார் எடுத்த ஆயுதம் கட்டணக் குறைப்பே. பிரயாணிகளை இனாமாக ஏற்றிக் குடையும் தருவதாக ஆசை காட்டிய கதையை நம் ஜனங்கள் மறக்கவில்லை. எதிரி ஒழிந்த பின்னும் குடை கொடுக்கும் கம்பெனி உலகில் உண்டா? பெரும் மூலதனமுடையோர் நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு விலையைத் தாழ்த்தினால், தெருக்கோடி மளிகைக்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? அவர் கடையை மூடிய பின், ஒப்பிட்டுப் பார்க்க வேறு விலை ஏது?

2020-ம் ஆண்டின் மின் வணிக விதிகள் நல்ல ஏற்பாடுகளைச் செய்திருக்கின்றன. சரக்குகளை வரிசைப்படுத்தும் முறையைக் கம்பெனிகள் விளக்க வேண்டும். சரக்கு எந்தத் தேசத்தில் உற்பத்தியானது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரே வகுப்பைச் சேர்ந்த வாங்குவோரிடையே பாரபட்சம் காட்டலாகாது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. புகார் வரும்வரை காத்திராமல், சர்க்கார் தாமாகவே பல கைப்பேசிகளில் விலைகளைச் சோதித்து, முடிவுகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

வாங்குவோருக்கும் கடமையுண்டு. பொட்டலத்தில் அச்சிட்டது உச்ச வரம்பே. அதிலிருந்து இத்தனை சதவிகிதம் தள்ளுபடி என்பதால் மட்டும் விலை மலிவாகிவிடாது. முடிவில் செலுத்தும் மொத்தத் தொகையை அடுத்த தெருக் கடையின் விலையோடு ஒத்துப்பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தொண்டர்கள் கிராமந்தோறும் இதை எடுத்துச் சொல்வார்களாக. விலை சொல்லும் கருவி நம் கையில் இருப்பது போதாது; தராசின் முள்ளும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.